'வரம்பை மீறிவிட்டீர்கள்' என்று டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்களா? லண்டன் நாடக அரங்குகளுக்கு ஒரு வழிமுறை

லண்டனின் நாடக அரங்குப் பகுதியான வெஸ்ட் எண்டில் கூட்டம் அலைமோதும் நாடகம் என்றால் 'ஒருவருக்கு இத்தனை டிக்கெட்தான்' என்று ஒரு வரம்பு இருக்கும். நான்கு, ஆறு, எட்டு என்று நாடகத்துக்கு நாடகம் மாறும். மறுவிற்பனைக்காரர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்ப் பல மடங்கு விலைக்கு விற்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரம்பை மீறியது யார் என்று முடிவு செய்வது பெரும்பாலும் ஒரு மென்பொருள். பெயர், வீட்டு முகவரி, கார்டு, தொலைபேசி எண், மின்னஞ்சல் இவற்றில் எது எதோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கும். ஒத்துப்போனதையெல்லாம் ஒரே ஆளின் கணக்கில் போட்டுவிடும். அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே வீட்டில் இருக்கும் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கத்துத் தமிழர்கள் இதில் மாட்டுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

அதனால் ரத்து மின்னஞ்சலைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு கொதிக்க வேண்டாம். 'எங்கள் கணினிக்கு நீங்களும் வேறு யாரோ ஒருவரும் ஒரே ஆளாகத் தெரிகிறீர்கள்' என்பதுதான் அதன் உண்மையான பொருள். அந்த வேறு ஆள் யார், எந்த விவரம் உங்கள் இருவரையும் சேர்த்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எதையும் தொடுவதற்கு முன்

முதலில் ஒரு முடிவு எடுங்கள்: உங்களுக்கு வேண்டியது அந்த சீட்டா, பணமா? இரண்டுக்கும் வழி வேறு. சீட் வேண்டும் என்றால் இப்போதைக்கு வங்கியைக் கூப்பிடாதீர்கள். வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்டால், 'இவருக்கு டிக்கெட் வேண்டாம்' என்றுதான் விற்றவர் எடுத்துக்கொள்வார். கணக்கையே முடக்கிவிடும் நிறுவனங்களும் உண்டு. அதற்குப் பிறகு சீட்டைப் பற்றிப் பேச இடமிருக்காது.

அதே நாடகத்துக்கு அவசரப்பட்டு மறுபடியும் வாங்கவும் வேண்டாம். அதே கார்டு, அதே முகவரி என்றால் அதுவும் எண்ணிக்கையில் சேரும். பிறகு நீங்கள் சொல்லும் விளக்கம் எடுபடாது.

அடுத்து, திரையில் இருப்பதைப் படம் பிடித்து வையுங்கள். குறிப்பாக, வரம்பு எந்த வார்த்தைகளில் எழுதப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். 'ஒரு ஆர்டருக்கு 4', 'ஒரு வாடிக்கையாளருக்கு 4', 'ஒரு வீட்டுக்கு 4', 'ஒரு காட்சிக்கு 4', 'இந்த நாடகம் ஓடி முடியும்வரை மொத்தம் 4' – ஐந்தும் ஐந்து விதம். பக்கத்தின் வாசகம் பின்னால் மாறக்கூடும், அதனால் இன்றைக்கே எடுத்து வையுங்கள். ஆர்டர் உறுதி மின்னஞ்சல், ரத்து மின்னஞ்சல், வங்கிக் கணக்கில் பணம் போன வரி, இவையும் வேண்டும்.

பிறகு தொலைபேசி. மின்னஞ்சலுக்குப் பதில் வருவதற்குள் உங்கள் சீட் மறுபடி விற்பனைக்குப் போய், வேறு யாரோ வாங்கிவிடக்கூடும். பேசும்போது முதலில் கேட்க வேண்டியது நியாயத்தை அல்ல, அவகாசத்தை: 'இதை நீங்கள் பரிசீலிக்கும்வரை அந்த சீட்களை விற்பனைக்கு விடாமல் நிறுத்தி வைக்க முடியுமா?' அரங்கின் பாக்ஸ் ஆபிஸில் (டிக்கெட் கவுண்டரில்) இருப்பவர்களுக்கு இதைச் செய்யும் வசதி உண்டு. ஏஜென்சி மூலம் வாங்கியிருந்தால் அவர்கள் அரங்கைக் கேட்டுத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

'நான் வாங்கியதே நான்குதான், அதையும் மீறல் என்கிறார்கள்'

அதிகம் நடப்பது இதுதான். காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்.

முகவரி. உங்கள் வீட்டிலிருந்து, உங்களுக்குத் தெரியாமலே, வேறு யாராவது அதே நாடகத்துக்கு வாங்கினார்களா? மகள் தன் தோழிகளோடு போக வாங்கியிருப்பாள்; மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர் வாங்கியிருப்பார். பிரிட்டனில் ஒரு அஞ்சல் குறியீட்டுக்குள் சராசரியாகப் பதினைந்து முகவரிகள் வரும். ஃபிளாட் எண்ணை ஒருவர் முதல் வரியிலும் இன்னொருவர் இரண்டாம் வரியிலும் எழுதினால், அதைப் பிரித்தறியத் தெரியாத மென்பொருள் கட்டடம் முழுவதையும் ஒரே வீடாக எண்ணிவிடலாம்.

பெயர். நம்மவர்களுக்கென்றே அமைந்த தொல்லை இது. அப்பாவின் பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகிவிடுகிறது. சிவா, சுதா என்று இரண்டு சகோதரர்கள், அப்பா கணபதிப்பிள்ளை. ஆங்கிலத்தில் எழுதினால் இருவருக்கும் ஒரே முதலெழுத்து, ஒரே குடும்பப் பெயர். ஒரே முகவரியும் சேர்ந்துவிட்டால் கணினியைக் குறை சொல்லி என்ன பயன்? இப்படி இருந்தால், புக்கிங் கணக்கில் முதலெழுத்தை மட்டும் போடாமல் முழுப் பெயரையும் எழுதும் பழக்கம் நல்லது.

கார்டு. கணவன், மனைவி இருவருக்கும் ஒரே கிரெடிட் கணக்கில் இரண்டு கார்டு இருக்கலாம். அல்லது ஊரிலிருந்து வந்த மாமாவுக்காக நீங்கள் போன மாதம் உங்கள் கார்டில் வாங்கிக் கொடுத்திருக்கலாம். வரம்பு 'நாடகம் ஓடும் காலம் முழுவதற்கும்' என்று இருந்தால் அந்தப் பழைய டிக்கெட்டும் சேரும். வெவ்வேறு ஏஜென்சியில் வாங்கினால் தெரியாது என்று நினைக்க வேண்டாம். வாங்கியவர் விவரங்கள் அரங்குக்குப் போகும் ஏற்பாடு இருந்தால் எல்லாம் அங்கே ஒன்று சேர்ந்துவிடும்.

இரண்டு பாக நாடகம். ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் உள்ள பேலஸ் அரங்கில் 2016இல் ஹாரி பாட்டர் நாடகம் இரண்டு பாகமாகத் தொடங்கியது; இரண்டையும் பார்த்தால்தான் கதை முடியும். நான்கு பேர் குடும்பத்துக்கு எட்டு அனுமதி. இப்படிப்பட்ட நாடகத்தில் இரு பாகத்தையும் ஒரே ஆர்டராக வாங்காமல் தனித்தனியாக வாங்கினால், இரண்டாவது ஆர்டர் 'மீறல்' போலத் தெரிய வாய்ப்பு உண்டு. இதுதான் காரணம் என்றால் நிம்மதியாக இருங்கள். ஒரே பெயர்கள், அடுத்தடுத்த இரு பாகங்கள் என்று சொன்னால் மனிதர் யாருக்கும் ஒரு நிமிடத்தில் புரியும்.

காரணம் தெரிந்ததும் ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள். பத்து கடிதம் எழுதினால் பத்து வெவ்வேறு ஊழியர் கையில் போய்ச் சிதறும். முதல் வரியில் ஆர்டர் எண், நாடகம், தேதி, சீட் எண்கள். அடுத்து, வரம்பின் வாசகத்தை அப்படியே எடுத்து எழுதி, நீங்கள் வாங்கியது அதற்குள் அடங்குகிறது என்று ஒரு வாக்கியம். அடுத்து, எதனால் குழப்பம் வந்திருக்கலாம் என்று நீங்கள் கருதும் விவரம்: 'அதே முகவரியில் என் சகோதரர் தனிக் குடும்பமாக வசிக்கிறார், அவர் வேறு தேதிக்குத் தன் கார்டில் வாங்கினார்.' அடுத்து, சான்றாக எதைத் தர முடியும் என்பது. கவுன்சில் வரி ரசீதோ வங்கிக் கடிதமோ போதும். கடவுச்சீட்டின் நகலை முதல் கடிதத்திலேயே அனுப்பத் தேவையில்லை, கார்டு எண்ணை எந்தக் கடிதத்திலும் முழுதாக எழுதக்கூடாது. கடைசியாக, என்ன வேண்டும், எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்பது. கோபம், 'பல ஆண்டுகளாக உங்கள் வாடிக்கையாளர்' போன்றவை இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

பதிலே வரவில்லை, அல்லது 'விதிமீறல், மேற்கொண்டு பேச முடியாது' என்ற அச்சடித்த பதில் வந்தால், உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தரவுகளைத் தரும்படி கேட்கலாம். பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இது உங்கள் உரிமை. கட்டணம் கிடையாது, வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். உங்கள் பெயரில் எந்த ஆர்டர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியவரும். (அடுத்தவரின் விவரங்களை மறைத்துத்தான் தருவார்கள்.) நாடகம் அடுத்த வாரம் என்றால் இந்த வழி உதவாது, பின்னால் பணத்துக்கும் புகாருக்கும் உதவும்.

பணம் கட்டும்போது பக்கம் தொங்கியது. இப்போது இரண்டு ஆர்டர், இரண்டுமே போச்சு

வங்கியின் உறுதிப்படுத்தும் திரைக்குப் போய்த் திரும்பும் இடைவெளியில் இது நடக்கும். முதல் ஆர்டர் தோல்வி என்று நினைத்து மறுபடி அழுத்துவீர்கள். உள்ளே முதலாவதும் பதிவாகியிருக்கும். நான்கும் நான்கும் எட்டு, வரம்பு மீறல்.

வங்கிச் செயலியில் பாருங்கள். 'நிலுவை' என்று இருப்பது பிடித்து வைத்த தொகை மட்டும்தான், இன்னும் கொடுத்த பணம் அல்ல. ஆர்டர் பதிவாகாவிட்டால் சில நாளில் தானே விடுபட்டுவிடும். இரண்டும் கழிந்துவிட்டிருந்தால் இரண்டு ஆர்டர் எண்ணையும் சொல்லி, நேர வித்தியாசத்தைக் காட்டி, 'இரண்டாவதை மட்டும் ரத்து செய்யுங்கள்' என்று கேளுங்கள். இரண்டு நிமிட இடைவெளியில் ஒரே தேதிக்கு ஒரே எண்ணிக்கையில் இரண்டு ஆர்டர் இருந்தால், அது தடுமாற்றம் என்பது பார்த்தாலே தெரியும்.

கூடுதலாக வாங்கியது உண்மைதான், ஆனால் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டார்கள்

வரம்பு நான்கு, நீங்கள் இரண்டு தடவையாக ஆறு வாங்கினீர்கள். ஆறும் போய்விட்டது. இங்கே 'தவறான ரத்து' என்று வாதாடாதீர்கள். வரம்புக்குள் அடங்கும் முதல் ஆர்டரை மட்டும் மீட்டுத் தரும்படி கேளுங்கள். நிபந்தனையில் 'மீறிய டிக்கெட்களை ரத்து செய்வோம்' என்று இருக்கிறதா, 'எல்லா ஆர்டரையும் ரத்து செய்வோம்' என்று இருக்கிறதா பாருங்கள். முதல் வகை என்றால் உங்கள் பக்கம் வலுவானது. இரண்டாம் வகை என்றாலும் கேட்பதில் தவறில்லை. ஒப்புக்கொண்டு பணிவாகக் கேட்பவருக்குக் கிடைக்கும் சலுகை, மறுத்து நிற்பவருக்குக் கிடைப்பதில்லை.

'தானியங்கி மென்பொருள் பயன்படுத்தியதாகச் சந்தேகிக்கிறோம்'

இந்த வார்த்தைகளைப் பார்த்ததும் போலீஸ் வரும் என்று பயப்படுபவர்கள் உண்டு. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிரிட்டன் விதிமுறைகளின்படி, வரம்பைத் தாண்டி வாங்குவதற்கென்று மென்பொருளைப் பயன்படுத்துவதும், அது யாராவது லாபம் பார்க்கும் நோக்கத்தோடு நடப்பதும் சேர்ந்தால்தான் குற்றம். அத்தைக்கும் சித்திக்கும் சேர்த்து வாங்கியது நிறுவனத்தின் நிபந்தனையை மீறுவதாக இருக்கலாம், குற்றம் ஆகாது. அமெரிக்காவிலும் 2016இல் இதே நோக்கத்தில் ஒரு சட்டம் வந்தது. அதுவும் விற்பனைத் தளத்தின் பாதுகாப்பையும் வரம்பையும் குறுக்கு வழியில் தாண்டுபவர்களைக் குறிவைத்ததுதான்.

சந்தேகம் வருவதற்குச் சாதாரணக் காரணங்கள்: விபிஎன் (இணைய முகவரியை மறைக்கும் சேவை) போட்டிருந்தது, மூன்று உலாவியில் ஒரே வரிசையில் நின்றது, அலுவலக இணையத்திலிருந்து ஐந்து சக ஊழியர்கள் ஒரே நேரத்தில் முயன்றது. கடைசியாகச் சொன்னது அப்பாவித்தனமானது, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஐவரும் ஒரே இணைய முகவரி. எது நடந்ததோ அதை அப்படியே எழுதுங்கள். அடுத்த முறை வீட்டு இணையத்தில் ஒரே ஒரு திரையில் காத்திருங்கள். பல திரை திறந்தால் வாய்ப்பு கூடும் என்பது பலரின் நம்பிக்கை. சந்தேகம் கூடும் என்பதுதான் நிச்சயம்.

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஊர்ச் சங்கத்துக்கு என்று மொத்தமாக வாங்கியது

இருபது பேரை அழைத்துப் போக ஐந்து பெற்றோர் ஐந்து கார்டில் நான்கு நான்காக வாங்குவது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். டிக்கெட் மாஃபியாவின் கைவரிசையும் பார்ப்பதற்கு அச்சு அசல் இதேதான். 2020 பிப்ரவரியில் லீட்ஸ் கிரவுன் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பிய மறுவிற்பனையாளர்கள் இருவர் பல பெயர்களிலும் பல கார்டுகளிலும் வாங்கித்தான் வரம்புகளைத் தாண்டினார்கள். அடுத்தடுத்த சீட்டுகள், ஒரே காட்சி, ஒரே நேரம், வெவ்வேறு கார்டு என்றால் மென்பொருளின் கண்ணில் முதலில் படுவது உங்கள் குழுதான்.

பெரிய அரங்குகளில் குழு புக்கிங்குக்கு என்று தனிப் பிரிவு இருக்கிறது. எட்டு, பத்து பேர் என்ற அளவிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். வார நாட்களில் விலை குறையவும் கூடும், பள்ளி என்றால் இன்னும் குறையலாம். ஏற்கெனவே ரத்தாகிவிட்டது என்றால் அந்தப் பிரிவைக் கூப்பிட்டு, பள்ளியின் தலைப்பிட்ட தாளில் ஒரு கடிதத்தோடு, ஐந்து ஆர்டரையும் ஒரே குழு புக்கிங்காக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அதே சீட் கிடைக்காமல் போகலாம், அதே நாள் கிடைக்க வாய்ப்பு உண்டு.

மின்னஞ்சலே வரவில்லை, வாசலில் டிக்கெட் ஸ்கேன் ஆகவில்லை

குப்பை அஞ்சல் பெட்டியில் ரத்து மின்னஞ்சல் தூங்கிக்கொண்டிருக்கும். செயலியில் டிக்கெட் இருந்த இடம் வெறுமையாக இருக்கும். அதனால் நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பே செயலியைத் திறந்து பாருங்கள்.

வாசலில்தான் தெரிந்தது என்றால், ஸ்கேன் செய்யும் ஊழியரோடு வாதாடுவதில் பயனில்லை. அவரால் எதுவும் செய்ய முடியாது. நேராக பாக்ஸ் ஆபிஸ் ஜன்னலுக்குப் போய், அன்றைய பொறுப்பு மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். வாங்கிய கார்டு, அடையாள அட்டை, உறுதி மின்னஞ்சல் மூன்றும் கையில் இருக்கட்டும். 2017இல் 'ஹாமில்டன்' இசை நாடகம் லண்டன் விக்டோரியா பேலஸ் அரங்குக்கு வந்தபோது காகித டிக்கெட்டே கிடையாது. வாங்கிய கார்டைத்தான் வாசலில் காட்ட வேண்டியிருந்தது. எல்லா அரங்கிலும் அப்படி இல்லை என்றாலும், கார்டுதான் இன்றும் வலுவான சான்று. ஒரு சின்ன எச்சரிக்கை: ஃபோனைத் தட்டிப் பணம் கட்டியிருந்தால், ஆர்டரில் பதிவான கடைசி நான்கு இலக்கம் உங்கள் பிளாஸ்டிக் கார்டில் உள்ளதாக இருக்காது. ஆப்பிள் பே போன்றவை தங்களுக்கென்று வேறு எண் வைத்திருக்கும். எண் பொருந்தவில்லை என்றால் ஃபோனில் உள்ள எண்ணையும் காட்டுங்கள்.

உங்கள் சீட்டில் வேறொருவர் அமர்ந்துவிட்டார் என்றால் அவரை எழுப்ப மாட்டார்கள். ஆனால் விருந்தினருக்கும் அவசரத்துக்கும் என்று அரங்குகள் சில சீட்களைக் கையில் வைத்திருப்பதுண்டு. காட்சி தொடங்கும் நேரத்தில் அவற்றில் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். நான்கு பேரும் சேர்ந்தே உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காவிட்டால் வாய்ப்பு அதிகம்.

மறுவிற்பனைத் தளத்தில் வாங்கியது

இங்கே ரத்தானது உங்கள் ஆர்டர் அல்ல, உங்களுக்கு விற்றவருடையது. அரங்கிடம் பேசிப் பயன் குறைவு. பணத்தை அந்தத் தளத்திடம்தான் கேட்க வேண்டும். ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்கட்டும்: 2015இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, மறுவிற்பனைக்கு வைத்தார் என்ற ஒரே காரணத்துக்காக டிக்கெட்டை ரத்து செய்ய அமைப்பாளருக்குத் தடை உண்டு. அப்படி ரத்தாகும் என்று முதலில் வாங்கும்போதே நிபந்தனையில் தெளிவாகச் சொல்லியிருந்து, அந்த நிபந்தனை நியாயமானதாகவும் இருந்தால்தான் விலக்கு. வேலை மாறியதால் போக முடியாமல் டிக்கெட்டை விற்க வைத்தவர்களுக்கும் இது பொருந்தும்.

சீட் கிடைக்காது என்று உறுதியாகிவிட்டது, பணம் வரவில்லை அல்லது குறைத்து வந்தது

இப்போது வங்கி. டிக்கெட் ஒவ்வொன்றும் 100 பவுண்டுக்கு மேல் என்றால், கிரெடிட் கார்டில் வாங்கியவர்களுக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு கைகொடுக்கும்: விற்றவரோடு வங்கியும் பொறுப்பு. நான்கு டிக்கெட் சேர்ந்து 240 பவுண்ட் என்பது கணக்கில் வராது, ஒரு டிக்கெட்டின் விலைதான் கணக்கு. இடையில் ஏஜென்சி இருந்தால் வங்கி இந்தப் பிரிவைத் தட்டிக்கழிக்கப் பார்க்கும். 100 பவுண்டுக்கு மேற்படாத டிக்கெட்டுக்கும் டெபிட் கார்டுக்கும் சார்ஜ்பேக் இருக்கிறது, அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது. பொதுவாக 120 நாள் கெடு, சட்ட உரிமை அல்ல, கார்டு நிறுவனங்களின் விதி.

டிக்கெட் விலை மட்டும் வந்து புக்கிங் கட்டணம் வரவில்லை என்றால், அவர்களே ரத்து செய்துவிட்டுக் கட்டணத்தை வைத்துக்கொள்வது எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். தராத சேவைக்கான பணத்தை, தானே ஒப்பந்தத்தை முறித்த வியாபாரி வைத்துக்கொள்ள அனுமதிக்கும் நிபந்தனை அநியாயமானதாகக் கருதப்படலாம் என்று அதே 2015 சட்டத்தின் பட்டியல் சொல்கிறது. இதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தாலே சில நிறுவனங்களின் பேச்சு மாறும்.

விற்றவரின் தளத்தில் 'ஸ்டார்' என்ற டிக்கெட் விற்பனையாளர் சங்கத்தின் சின்னம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து தீராத பிரச்சினையை அந்தச் சங்கத்தின் சமரசப் பிரிவுக்குக் கொண்டுபோகலாம். அதுவும் சரிவராவிட்டால் சிறு தொகை வழக்கு இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்ட் வரை. நான்கு நாடக டிக்கெட்டுக்கு அவ்வளவு தூரம் போவது பெரும்பாலும் நேர விரயம் என்பது என் எண்ணம். ஊரிலிருந்து விமானத்தில் வந்த பெற்றோருக்காக வாங்கியது, ஹோட்டலும் போட்டாகிவிட்டது, நட்டம் பெரிது என்றால் மட்டும் யோசிக்கலாம்.

கணக்கு முடங்கிவிட்டது

வேறு மின்னஞ்சலில் புதுக் கணக்கு திறக்க வேண்டாம். முகவரியும் கார்டும் பழையதோடு ஒத்துப்போய், இந்த முறை சந்தேகம் உறுதியாகும். முடக்கத்தை நீக்கும்படி எழுதிக் கேட்டுக் காத்திருங்கள். அதற்குள் நாடகம் பார்த்தே ஆக வேண்டும் என்றால், காலையில் அரங்குக்கு நேரில் போய் பாக்ஸ் ஆபிஸில் அன்றைய டிக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். பல அரங்குகள் அன்றைய காட்சிக்கென்று கொஞ்சம் டிக்கெட் ஒதுக்கி வைப்பதுண்டு, ஆன்லைன் விலையைவிடக் குறைவாகவும் இருக்கும். ஒருவருக்கு இரண்டுதான் என்று சொல்வார்கள். இரண்டே வாங்குங்கள்.